உறைந்த கண்ணாடியும் உறங்கும் ஆபத்தும்



திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் பிறந்து வளர்ந்த நமக்குப் பனி என்றால் மார்கழி அதிகாலையில் புல்நுனியில் நிற்கும் துளிதான். அது பாதத்தைக் குளிர்விக்கும். கதிரவன் ஏறியதும் மறைந்துவிடும். ஒரு வாகனத்தை நடுவழியில் நிறுத்திவைக்கும் வல்லமை பனிக்கு உண்டென்று நம் பெரியோர் நமக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை. பிழைப்பின் நிமித்தம் டெல்லி, குர்கான், சண்டிகர், லூதியானா, ஜம்மு என்று வடக்கே குடியேறிய குடும்பங்களுக்கோ அந்த அறிவு இன்று அவசியமாயிற்று.

டிசம்பர் விடுமுறை வந்தவுடன், "பிள்ளைகளுக்குப் பனிமலை காட்டவேண்டும்" என்று சிம்லாவுக்கும் மணாலிக்கும் சொந்தக் காரிலேயே புறப்படுகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியும் பின் இருக்கையில் அமர்ந்துகொள்கிறார்கள். 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், முன்பு குளிர்காலம் முழுவதும் அடைபட்டுக் கிடந்த லாஹோல் பள்ளத்தாக்கிற்கும் சமவெளிக் கார்கள் எளிதாகச் சென்று சேருகின்றன. பாதை திறந்துவிட்டது, ஆனால் பாதையை ஓட்டுகிறவர் ஆயத்தமாயிருக்கிறாரா? காரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் சென்னை வெயிலில் கற்றது. அந்த அறிவு குளிரில் பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது. இம்மாதம் அதைக் குறித்துச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

1. நீர் தெளிக்காத வாஷர்

நமக்கு அறிமுகமான ஓர் இளம் குடும்பத்தார், குஃப்ரியிலிருந்து மாலையில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னே சென்ற பேருந்தின் சக்கரங்கள் உருகிய பனியையும் சேற்றையும் வாரி இவர்களுடைய முன்கண்ணாடியில் இறைத்தன. சகோதரர் வழக்கம்போல் வாஷர் விசையை இழுத்தார். மோட்டார் முனகியது, ஒரு சொட்டு நீரும் வரவில்லை. வைப்பர் மட்டும் அசைந்து, சேற்றைக் கண்ணாடி முழுவதும் சந்தனம்போல் பூசிவிட்டது. எதிரே சாயங்கால வெயில். வலப்புறம் பள்ளத்தாக்கு. அவருடைய மனைவி பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "மெதுவா, மெதுவா" என்று வழிசொல்ல, ஒரு தேநீர்க் கடைவரை ஊர்ந்துசென்று சேர்ந்தார்கள். கடைக்காரர் வெதுவெதுப்பான நீரில் துணியைப் பிழிந்து கொடுத்தபின்பே உயிர் வந்தது என்றார்கள்.

நடந்தது என்ன? டெல்லியில் அந்தத் தொட்டியைக் குழாய்நீரால் நிரப்பி, ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கலந்திருந்தார்கள். நம்மில் அநேகர் செய்வது அதுவே. ஷாம்பு அழுக்கை நீக்கும், உறைதலைத் தடுக்காது. நீர் பூஜ்யம் டிகிரியில் உறைகிறது. என்ஜினுக்கு அருகிலிருக்கும் தொட்டியில் நீர் திரவமாகவே இருந்தாலும், பானெட்டின்மேல் குளிர்காற்றுக்கு நேரே நிற்கும் தெளிப்பு முனையின் துளை ஊசிக்கண் அளவுடையது. அங்கே நிற்கும் சிறிதளவு நீர் உறைந்தாலே போதும், தொட்டி நிறைந்திருந்தும் பயனில்லை.

இப்படி நேரிட்டால் செய்யவேண்டியவற்றைக் கவனியுங்கள்.

விசையை மீண்டும் மீண்டும் இழுக்காதீர்கள். அடைபட்ட குழாயில் நீரைத் தள்ள முயன்று மோட்டார் கருகும். அல்லது ஃபியூஸ் போகும். விசையை இழுக்கும்போது முனகல் கேட்டால் அடைப்பு பனியால் ஆனது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒலியே இல்லையெனில் ஃபியூஸையோ மோட்டாரையோ சோதிக்கவேண்டும்.

பாதுகாப்பான, திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சூரியனுக்கு நேராக முன்பகுதியைத் திருப்பி வையுங்கள். என்ஜின் சூடு பானெட்டின் கீழுள்ள குழாய்களைச் சிறிது நேரத்தில் இளக்கிவிடும். தெளிப்பு முனையின்மேல் வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்து எடுங்கள். ஊசியால் குத்தி முனையைப் பழுதாக்காதீர்கள்.

கொதிநீரை மாத்திரம் கண்ணாடியில் ஊற்றாதீர்கள். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டிச் செய்யப்படுவது. உறைகுளிரில் இருக்கும் அதன் ஒரு பகுதி திடீரென்று சூடாகி விரிய, மறுபகுதி விரியாமல் நிற்க, விரிசல் ஓடிவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு கல்லடி ஏற்கனவே பட்டிருந்தால் நிச்சயமாக ஓடும். தேநீருக்காக வைத்த நீரைக் கண்ணாடியில் ஊற்றி, பல ஆயிரம் ரூபாய் செலவை வாங்கிக்கொள்ளவேண்டாம்.

முந்தித் தடுப்பதே நலம். மலைக்குப் போகுமுன் தொட்டியிலுள்ள வெறும் நீரைத் தெளித்துத் தீர்த்துவிட்டு, உறையாத குளிர்கால வாஷர் திரவத்தை நிரப்புங்கள். டெல்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் கேட்டுப் பாருங்கள். எத்தனை டிகிரிவரை உறையாது என்று புட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். நிரப்பியபின் சில விநாடிகள் தெளித்து, குழாயிலுள்ள பழைய நீரையும் வெளியேற்றவேண்டும். இதை மறந்தால் தொட்டியில் நல்ல திரவமும் குழாயில் பனிக்கட்டியும் இருக்கும். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்டை வாஷர் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது கண்ணாடியில் பிசுபிசுத்துப் பார்வையை மறைக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிப்பு. வாஷர் திரவங்கள் சிலவற்றில் மெத்தனால் உண்டு. அது உள்ளே சென்றால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சாயிருந்தும் இனிக்கும். இவ்விரண்டும் பெரும்பாலும் நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்று சர்பத்தின் நிறத்திலேயே வருகின்றன. மீந்த திரவத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிச் சமையலறையில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் வேண்டவே வேண்டாம். அதனதன் புட்டியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

2. கண்ணாடியின் எந்தப் பக்கம்?

சென்னை மழையில் ஏ.சி. போட்டு ஓட்டும்போது கண்ணாடி மங்குவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே வெளிக்காற்று வெப்பமும் ஈரமும் நிறைந்தது. கண்ணாடி உள்ளிருந்து குளிர்கிறது. ஆகவே நீர் வெளிப்புறத்தில் படிகிறது. வைப்பரை ஒருமுறை ஓட்டினால் தெளிந்துவிடும். டெல்லி ஜனவரியில் நடப்பது இதற்கு நேர்மாறு. கண்ணாடி வெளியிலிருந்து குளிர்கிறது. ஐந்துபேரின் மூச்சிலுள்ள ஈரம் உட்புறத்தில் படிகிறது. வைப்பர் எத்தனை முறை ஓடினாலும் பயனில்லை. உள்ளங்கையால் துடைத்தாலோ எண்ணெய்ப்பசை படிந்து, எதிரே வரும் விளக்குகளின் ஒளி சிதறிப் பரவும்.

இதற்கு வழி என்ன? குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்று எண்ணாதீர்கள். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நீக்குகிறது. ஆகவே ஏ.சி.யையும் ஹீட்டரையும் ஒருங்கே இயக்கி, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, உட்காற்றையே சுழற்றும் விசையை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே வரவிடுங்கள். சில நிமிடங்களில் கண்ணாடி தெளியும். நனைந்த காலணிகளையும் கம்பளிகளையும் காருக்குள் உலரவைப்பதும் மங்கலை அதிகரிக்கும்.

வெளியே வெப்பமானி 2 அல்லது 3 டிகிரி காட்டும்போதே கண்ணாடியில் வெண்பனி பூத்திருப்பதைக் கண்டு சிலர் வியக்கிறார்கள். மேகமற்ற இரவில் கார் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுவதே அதற்குக் காரணம். கூரையின் கீழோ மரத்தடியிலோ நிறுத்திய காரில் இது குறைவு. திறந்தவெளியில் நிறுத்த நேரிட்டால் முன்கண்ணாடியின்மேல் ஓர் அட்டையையோ கெட்டித் துணியையோ விரித்து, வைப்பர்களைத் தூக்கி நிறுத்திவையுங்கள். கண்ணாடியோடு உறைந்து ஒட்டிய வைப்பரை ஓட்டினால் ரப்பர் கிழியும். உறைந்த பனியைச் சுரண்டப் பிளாஸ்டிக் சுரண்டியே ஏற்றது. கத்தியும் கரண்டியும் கோடு போட்டுவிடும்.

3. செல்ஃப் எடுக்காத காலை

குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் மந்தமாகிறது. அதே வேளையில் என்ஜின் ஆயில் தடித்து, சுழற்ற அதிக பலம் தேவைப்படுகிறது. கொடுப்பவன் பலவீனப்படும் நாளிலேயே கேட்பவனின் தேவை பெருகுகிறது. ஆகவே கோடையில் சமாளித்துக்கொண்டிருந்த பழைய பேட்டரி, டெல்லியின் 4 டிகிரிக் காலையில் கைவிட்டுவிடுகிறது. மூன்று நான்கு ஆண்டுகள் ஆன பேட்டரியைப் பனிக்காலத்திற்குமுன் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். முழுமையாகச் சார்ஜ் உள்ள பேட்டரியின் அமிலம் பூஜ்யத்திற்குக் கீழே 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் முற்றிலும் இறங்கிய பேட்டரியோ பூஜ்யத்திற்குக் கீழே ஏறக்குறைய 8 டிகிரியிலேயே உறைந்து வெடிப்புவிடும். மலை விடுதியில் இரவெல்லாம் உள்விளக்கை எரியவிட்டுத் தூங்கினால் காலையில் என்ன காத்திருக்கிறது என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

காலையில் வண்டியைக் கிளப்பும்போது விளக்கு, ஹீட்டர், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சாவியை ஐந்து முதல் பத்து விநாடிகளுக்குமேல் தொடர்ந்து திருப்பிப் பிடிக்காதீர்கள். அரை நிமிடம் பொறுத்து மறுபடியும் முயலுங்கள். கிளட்ச் உள்ள வண்டியில் அதை மிதித்துக்கொண்டு கிளப்புவது பளுவைக் குறைக்கும். ஜம்பர் கேபிள் கொண்டு வேறொரு காரின் உதவியைப் பெற்றால், முதலில் இரு பேட்டரிகளின் பிளஸ் முனைகளை இணைத்து, பின்பு நல்ல பேட்டரியின் மைனஸில் ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையை நின்றுபோன காரின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் என்ஜினின் வெற்று உலோகப் பகுதியில் மாட்டவேண்டும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு, கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறியால் பற்றிக்கொள்ளாதபடிக்கே இந்த ஒழுங்கு. உறைந்து வீங்கிய பேட்டரிக்கு இந்தச் சிகிச்சை ஆகாது. அதை மெக்கானிக்கிடம் ஒப்படையுங்கள்.

4. ரேடியேட்டரும் டீசலும்

ஊரில் ரேடியேட்டர் குறைந்தால் வழியிலுள்ள குழாயடியில் நிறுத்தி நீர் ஊற்றிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. விரியும் பனிக்கட்டிக்கு இரும்பும் வழிவிடும். ரேடியேட்டர் பிளந்தால் மாற்றிவிடலாம். என்ஜின் பிளாக் பிளந்தால் என்ஜினே போயிற்று. கூலண்டும் நீரும் சரிபாதியாகக் கலந்திருந்தால் பூஜ்யத்திற்குக் கீழே 35 டிகிரிவரையிலும் அது காக்கும். பலமுறை வெறும் நீர் சேர்த்து நீர்த்துப்போன கூலண்டை மாற்றியபின்பே பிரயாணப்படுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டீசலில் இயல்பாகவே மெழுகுப் பொருள் உண்டு. கடுங்குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்கில் பணிசெய்த நம் இராணுவச் சகோதரர்கள் இதை நன்கு அறிவார்கள். டேங்கின் அடியில் தீ மூட்டி இளக்கும் அபாயகரமான வழக்கத்தையும் அவர்கள் கண்டிருப்பார்கள். இதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில், பூஜ்யத்திற்குக் கீழே 33 டிகிரிவரை இளகியே நிற்கும் குளிர்கால டீசலை லடாக்கிற்கென அறிமுகப்படுத்தியது. சமவெளியில் நிரப்பிய டீசல் அந்தக் குளிருக்கு ஏற்றதல்ல. உயரமான குளிர்ப்பகுதிக்குப் போகிறவர்கள், டேங்கில் சமவெளி டீசல் மிகுதியாயிராதபடி பார்த்துக்கொண்டு, அந்தப் பகுதியின் பங்கிலேயே நிரப்பிக்கொள்வது விவேகம்.

இரவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை இறுக இழுத்துவைத்தால் ஈரமான பிரேக் பாகங்கள் உறைந்து ஒட்டிக்கொள்ளலாம். சமமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். காலையில் கல்லை எடுக்க மறவாதீர்கள்.

5. மூடுபனியில் வீடு திரும்புதல்

மலைக்கே போகாத குடும்பங்களுக்கும் ஓர் இரவு உண்டு. டிசம்பர் 31 ஆராதனை முடிந்து, நள்ளிரவு தாண்டி, வாழ்த்துச் சொல்லி, கேக் உண்டு, தூங்கிவிழும் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு நொய்டாவுக்கோ ஃபரீதாபாத்துக்கோ திரும்பும் இரவு. டெல்லியில் மூடுபனி இறங்கும் காலமும் அதுவே.

பார்வைத் தூரம் 50 மீட்டருக்கும் குறைந்தால் அதை மிக அடர்ந்த மூடுபனி என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே நிற்கும் லாரியைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுமுன் ஒன்றரை விநாடி போய்விடும். அதற்குள் 25 மீட்டர் கழிந்தது. ஈரச் சாலையில் வண்டி நிற்க இன்னும் 30 மீட்டருக்குமேல் தேவை. கூட்டினால் 50 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஓட்டுநரின் திறமையோ, அனுபவமோ, வண்டியின் விலையோ இந்தக் கணக்கை மாற்றாது. வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. யமுனா விரைவுச்சாலையில் குளிர்காலந்தோறும் வேக வரம்பைக் குறைப்பதற்கும் இதுவே காரணம்.

ஹைபீம் வேண்டாம்; பனித்துளிகள் அந்த ஒளியைச் சிதறடித்து நம் கண்களுக்கே திருப்பி அனுப்பும். லோபீமும் ஃபாக் லாம்பும் போதும். பின்விளக்குகளைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டால், நீங்கள் எப்பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னே வருபவர் அறியமாட்டார். ஒன்றும் தெரியாதபோது சாலை நடுவிலோ ஓரத்திலோ நிறுத்திவிடாதீர்கள். பெட்ரோல் பங்க், உணவகம் என்று சாலையைவிட்டு விலகிய இடத்தில் ஒதுங்குங்கள். எல்லாவற்றிலும் மேலானது, சபையார் ஒருவர் வீட்டில் பாய் விரித்துத் தங்கி, விடிந்து வெயில் வந்தபின் போவது. பெரிய வீடு உள்ளவர்கள் அன்றிரவு நான்கு கம்பளிகளைக் கூடுதலாக எடுத்துவைத்தால், அதுவும் ஒரு சிறந்த உபசாரமே.

6. மணமில்லாத சத்துரு

இதுவரை சொன்னவை பெரும்பாலும் பணத்தையும் நேரத்தையும் காப்பவை. இப்பொழுது சொல்வது உயிரைக் காப்பது. ஆகவே இந்தப் பகுதியை வீட்டிலுள்ள எல்லாரும் கேட்கும்படி வாசியுங்கள்.

2022 ஜனவரி 7, 8 தேதிகளில் பாகிஸ்தானின் முர்ரீ என்னும் மலைநகரில் பனிபார்க்கச் சென்ற குடும்பங்கள் கடும் பனிப்பொழிவில் சாலையிலேயே சிக்கிக்கொண்டன. பிள்ளைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் தங்கள் கார்களுக்குள்ளேயே மரித்துப்போனார்கள். குளிர் ஒரு காரணம். ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டபோது உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடு வாயு மற்றொரு காரணம் என்று கருதப்படுகிறது. அவர்களும் நம்மைப்போலவே, பிள்ளைகளை மகிழ்விக்கப் புறப்பட்ட பெற்றோரே. 2024 டிசம்பர் இறுதியில் மணாலிக்கு மேலே, சோலங் நாலா பகுதியில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் பனியில் சிக்கி, காவல்துறையினர் இரவெல்லாம் மீட்புப்பணி செய்ததை நாமும் அறிவோம். முர்ரீயில் நடந்தது நம் நாட்டில் நடக்காது என்று சொல்வதற்கில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்கிற்கும் அதிகமாகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், பின்பு இனிய தூக்கம்போன்ற ஒரு மயக்கம். உதவி கேட்கவேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. வண்டியைச் சுற்றிப் பனி குவிந்து சைலன்சர் முனையை மூடினால் புகை வெளியே போக வழியின்றிக் காரின் அடியில் தேங்கி, உள்ளே ஏறுகிறது.

பனியில் சிக்கிக்கொண்டால் சைலன்சர் முனையைச் சுற்றியுள்ள பனியை முதலாவது அகற்றுங்கள். பனி பெய்துகொண்டிருந்தால் திரும்பத் திரும்ப அகற்றுங்கள். மணிக்கு ஒருமுறை சுமார் பத்து நிமிடம் மாத்திரம் என்ஜினை ஓட்டி, காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கிவையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்காதீர்கள், ஒருவர் விழித்திருக்கட்டும். 112 என்ற எண்ணை அழையுங்கள். மூடிய கராஜில் ஒரு நிமிடமும் என்ஜினை ஓடவிடாதீர்கள். ஹீட்டர் போட்ட காரில் தூங்காதீர்கள்.

இதே வாயுதான் மூடிய அறையில் கரியடுப்பாகிய அங்கீட்டியை வைத்துத் தூங்கும் குடும்பங்களையும் வடநாட்டில் குளிர்காலந்தோறும் பறித்துச்செல்கிறது. ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்து, ஒரே அறையில் நால்வராகத் தங்கியிருக்கும் நம் வாலிபர்களுக்கு இதைச் சொல்லியாயிற்றா? அவர்களிடம் கார் இராது; அங்கீட்டி இருக்கக்கூடும்.

7. புறப்படுமுன்

ஒருவருக்கு ஒரு கம்பளி, குடிநீர், பிஸ்கட், பேரீச்சம்பழம், டார்ச், சார்ஜ் நிறைந்த கைப்பேசி, ஜம்பர் கேபிள், சிறு மண்வெட்டி, பிளாஸ்டிக் சுரண்டி, காருக்குள்ளேயே ஒரு புட்டி நீரும் இரண்டு பழைய பருத்தித் துணிகளும். வாஷர் உறைந்த நாளில் அந்தத் துணிகளே கைகொடுக்கும். முதியோரின் மாத்திரைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் கையில் வையுங்கள்.

பனிபடிந்த சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள், சிம்லா அல்லது மணாலியில் தங்கள் காரை நிறுத்திவிட்டு, அதற்குமேல் உள்ளூர் டாக்சியில் செல்வதே நலம். வாடகை சற்று அதிகமென்று தோன்றும். கறுப்புப் பனி என்று சொல்லப்படுவது தார்ச்சாலையின் நிறத்திலேயே கண்ணாடிபோல் படிந்திருக்கும். அது எந்த வளைவில், எந்த நிழலில், எந்த மணிவரை இருக்கும் என்பதை அங்கே பிறந்த ஓட்டுநர் அறிவார். அந்த அறிவுக்கே நாம் கூலி கொடுக்கிறோம். பாதை மூடப்பட்டது என்று காவலர் கைகாட்டினால் வாக்குவாதம் செய்யாமல் திரும்புங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற எண்ணமே மலைச்சாலையில் அநேகரை அழிவுக்கு நடத்தியிருக்கிறது. பிள்ளைகள் ஒரு மணிநேரம் அழுவார்கள். பிறகு விடுதியின் முற்றத்திலுள்ள பனியில் விளையாடுவார்கள்.

கடைசியாக, இந்த ஆயத்தத்தைக் குடும்பத்தலைவர் ஒருவரே சுமக்கவேண்டியதில்லை. வாஷர் திரவம் எங்கே ஊற்றுவது, சைலன்சரில் பனி அடைத்தால் என்ன ஆகும், 112 எதற்கு என்பவை மனைவிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். ஓட்டுகிறவரின் கண் மங்கும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவரின் கண் திறந்திருக்கவேண்டும்.